டீசல் ரெயில் ஃபோர்ஜிங்: விரிசல் உள்ளேயிருந்துதான் கிளம்பும்

காமன் ரெயில் டீசல் இன்ஜினில் ஹை பிரஷர் பம்புக்கும் இன்ஜெக்டர்களுக்கும் நடுவே கிடக்கும் தடித்த குழாய்தான் ரெயில். வெளியே பார்த்தால் முரட்டு இரும்பு. மேலே நாலைந்து குமிழ்கள், அவற்றில் பைப் நட்டு ஏறும் மரை. உள்ளே நீளவாக்கில் ஒரு பிரதான துளை, ஒவ்வொரு குமிழிலிருந்தும் அதில் வந்து சேரும் சின்னக் குறுக்குத் துளை. அவ்வளவுதான். ஆனால் அதற்குள் 1600, 2000 பார் அழுத்தத்தில் டீசல் நிற்கிறது. சில இன்ஜின்களில் 2500 வரை போகிறது.

சிங்கப்பூரில் துவாஸ், ஜூ கூன் பக்கத்து மெஷின் ஷாப்களில் இந்த வேலைக்கு வரும் பலருக்கு ஃபோர்ஜிங் (சூடாக்கி, டை எனும் அச்சில் அடித்து உருவாக்கிய எஃகுப் பாகம்) என்பது மரப்பெட்டியில் வந்து இறங்கும் சரக்கு. கன் டிரில்லிங் (நீளமான ஆழ்துளை போடுவது), குறுக்குத் துளை, பர் (துளை விளிம்பில் எழும் பிசிறு) எடுப்பது, அழுத்தம் ஏற்றுவது, கழுவி பேக் செய்வது ஆகியவைதான் இங்கே நடக்கும். அதனால் ஃபோர்ஜிங்கை வெளிப்புறம் மட்டும் பார்த்து பாஸ் செய்யும் பழக்கம் எளிதாக வந்துவிடுகிறது. ரெயில் வெளியிலிருந்து உடைவது அபூர்வம். குறுக்குத் துளை பிரதான துளையைச் சந்திக்கும் விளிம்பில்தான் விரிசல் தொடங்கும். பில்லெட் (ஃபோர்ஜிங்குக்கான எஃகுத் துண்டு) வெட்டுவதிலிருந்து கடைசிக் கழுவல் வரை எல்லாவற்றையும் அந்த விளிம்பை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கணக்கு சின்னதுதான். வெளிவிட்டம் 28 மி.மீ., உள்விட்டம் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தடித்த சுவர்க் குழாய்க்கான லாமே சூத்திரப்படி, 2000 பார், அதாவது 200 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் உள்சுவரில் வரும் சுற்று இழுவிசை சுமார் 258 மெகாபாஸ்கல். வெறும் குழாய்க்கு இது பயப்படும் அளவே இல்லை. குறுக்குத் துளை வந்து சேரும் இடத்தில் அது ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகிவிடும், கிட்டத்தட்ட 650. ரெயிலுக்குப் பரவலாகப் பயன்படும் 38எம்என்விஎஸ்6 எஃகின் ஈல்டு (நிரந்தரமாக நெளியத் தொடங்கும் அளவு) 520 மெகாபாஸ்கலில் தொடங்குகிறது. அதாவது அந்த விளிம்பு ஒவ்வொரு பம்ப் துடிப்பிலும் தன் தாங்குதிறனை ஒட்டியோ தாண்டியோ போய்த் திரும்புகிறது. ஒரு தடவைக்கு உடையாது. கோடிக்கணக்கான தடவைக்குத்தான் பயப்பட வேண்டும்.

பெட்டி திறக்கும்போது

முதலில் சர்ட்டிபிகேட். இஎன் 10204 வகை 3.1 இருந்தால்தான் ஹீட் நம்பரோடு (எந்த உருக்கலில் வந்த எஃகு என்ற எண்) உருக்காலையின் வேதிக் கணக்கு கிடைக்கும். நாங்கள் முதலில் பார்ப்பது கந்தகம். 38எம்என்விஎஸ்6-ல் 0.020 முதல் 0.060 சதவீதம் வரை கந்தகத்தை வேண்டுமென்றே விடுகிறார்கள், சிப் (வெட்டும்போது வரும் சீவல்) நன்றாக உடைந்து வர. வெட்டுவதற்கு நல்லது. ஆனால் கந்தகம் மாங்கனீஸோடு சேர்ந்து நீள நீளமான இழைகளாக, எஃகுப் பார் (உருட்டிய கம்பி) உருட்டப்பட்ட திசையில் படுத்துக்கிடக்கும். ரெயிலில் அழுத்தம் சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கிறது, அதாவது அந்த இழைகளுக்குக் குறுக்கே. 'ஃபோர்ஜிங்னா கிரெய்ன் ஃப்ளோ இருக்கு, அதனால ஸ்ட்ராங்' என்று விற்பனைக் காகிதத்தில் எழுதுவார்கள். கிரெய்ன் ஃப்ளோ என்றால் உலோக இழைகள் பாகத்தின் வடிவத்தை ஒட்டி ஓடுவது. கிரேங்க் ஷாஃப்டுக்கும் கனெக்டிங் ராடுக்கும் அது உண்மை. ரெயிலுக்கு அது பாதி உண்மைதான்: எஃகு பலவீனமாக இருக்கும் திசையிலேயே சுமை வருகிறது. எனவே எஃகுக்குள் கலந்திருக்கும் அழுக்கின் (இழைகள், அசுத்தத் துகள்கள்) அளவு குறித்த அறிக்கையையும் கேட்டு வாங்க வேண்டும். அதிக அழுத்த ரெயிலுக்குக் கந்தகத்தை வரம்பின் கீழ்ப்பக்கமே வைத்துக்கொள்வது எங்கள் விருப்பம். டிரில் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும், பரவாயில்லை.

அடுத்து, ஒரு பீஸை வெட்ட வேண்டும். இதில்தான் தயக்கம் வரும்.

"அண்ணே, பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. நல்ல பீஸை எதுக்கு வெட்டணும்?"

"குமிழ் அடிப்பக்கம் பேப்பர்ல தெரியாது தம்பி. வெட்டு."

குமிழின் நடுவாகக் குறுக்கே அறுத்து, 400 எமரி வரை தேய்த்து, சரிபாதி தண்ணீரும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் 70 முதல் 80 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுத்தால் உள்ளோட்டம் வரிவரியாகத் தெரியும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. ஃப்யூம் ஹூட் இல்லாமல் தொடவே கூடாது. பார்க்க வேண்டியவை இரண்டு. வரிகள் குமிழுக்குள் வளைந்து ஏறுகின்றனவா, அல்லது குமிழின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து கிடக்கின்றனவா? மடிந்திருந்தால் அது லாப். இரண்டு உலோக மடிப்புகள் நடுவே ஸ்கேலோடு (சூட்டில் படியும் ஆக்சைடு தோல்) படுத்து, வேட்டி மடிப்பு மாதிரி ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும். இரண்டாவது, பாரின் நடுக்கரு எங்கே போயிருக்கிறது? உருக்கில் கடைசியாக உறைவது நடுப்பகுதி என்பதால் அசுத்தம் அங்கேதான் சேரும். நடுக்கரு நடுவிலேயே இருந்தால் கன் டிரில் அதைச் சிப்பாக வெளியே எடுத்துவிடும். ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் அது சுவரிலேயே தங்கிவிடும்.

லாபை வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பக் கூடாது. ஷாட் பிளாஸ்ட் செய்த பீஸில் குண்டுகள் அடித்தே மடிப்பின் வாயை மூடிவிடும். காந்தத் துகள் சோதனையில்கூட மங்கலாகத்தான் தெரியும்.

அங்கே என்ன நடந்திருந்தால் இங்கே இப்படி வரும்

சப்ளையரிடம் 'டிஃபெக்ட் இருக்கு' என்று மட்டும் மெயில் போட்டால் 'வில் இம்ப்ரூவ்' என்றுதான் பதில் வரும். எந்தக் கட்டத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று எழுதினால் வேலை நடக்கும். அதற்காகவே ஃபோர்ஜிங் தெரிந்திருக்க வேண்டும்.

பில்லெட்டை நீளத்தால் அல்ல, எடையால் கட்டுப்படுத்த வேண்டும். 36 மி.மீ. பாரில் 300 மி.மீ. துண்டு சுமார் 2.4 கிலோ. ஒரு மி.மீ. நீளம் 8 கிராம். பார் அரை மி.மீ. தடித்து வந்தாலே எடை 2.8 சதவீதம், அதாவது ஏறக்குறைய 67 கிராம் கூடிவிடும். நீளம் மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. கூடின உலோகம் ஃபிளாஷாக (டைகளின் நடுவே பிதுங்கும் தகடு) போகும், ஆனால் டை முழுதாக மூடாது. பாகம் தடிமனாக வரும். குறைந்தால் குமிழ் நுனி நிரம்பாது. வெட்டும் முறையும் முக்கியம். குளிர்ந்த நிலையில் ஷியரில் அடித்து வெட்டினால் முனையில் நுண்விரிசலும் பிசிறும் வரும். அந்தப் பிசிறு டைக்குள் மடிந்தால் லாப். பேண்ட்-ஸா செலவு கூடுதல், ரெயிலுக்கு அதுவே சரி.

சூடு 1200 முதல் 1250 டிகிரி. இண்டக்ஷன் காயிலில் வேகமாகச் சூடாக்கினால் ஸ்கேல் குறையும். கவனிக்க வேண்டியது லைன் நிற்கும் நேரம். பிரஸ்ஸில் ஏதோ கோளாறு, பத்து நிமிடம் நின்றது என்றால் காயிலுக்குள் இருக்கும் துண்டுகள் வெந்துகொண்டே இருக்கும்: ஸ்கேல் தடிக்கும், மேற்தோலில் கார்பன் எரிந்து போகும். அந்தத் துண்டுகளைத் தள்ளிவிட வேண்டும். 'வீணாக்காமல் போட்டுவிடு' என்றால் சிக்கல் தொடங்கிவிட்டது. 1300-ஐத் தாண்டினால் கிரெய்ன் எல்லைகள் உருகத் தொடங்கும். அந்தத் துண்டை எந்த ஹீட் டிரீட்மெண்டாலும் மீட்க முடியாது. பைரோமீட்டர் (தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி) ஸ்கேல் படிந்த தோலைப் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். ஆபரேட்டர் பவரை ஏற்றுவார், உள்ளே அதிகமாகிவிடும். தோல் உதிர்ந்த இடத்தைப் பார்த்து ரீடிங் எடுக்கச் சொல்லுங்கள்.

நீளமான பாகம் என்பதால் முதலில் ரோல் போட்டு நீட்டி, குமிழ் வரும் இடங்களில் மட்டும் உலோகத்தைக் கட்டியாக விட்டு, பிறகு டையில் அடிக்கிறார்கள். அந்த முன்வடிவம் சரியில்லாமல் மெல்லிய இடத்திலிருந்து உலோகம் குமிழை நோக்கி ஓடினால், அடியில் மடியும். எனவே லாப் ஒரே குமிழில், ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தால் முன்வடிவத்தையும் டையின் வளைவு ரேடியஸையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அங்கங்கே தாறுமாறாக வந்தால் ஸ்கேலையும் பிசிறையும் பார்க்கச் சொல்ல வேண்டும். குமிழ் நுனி நிரம்பாமல் வந்து, எடையும் சூடும் சரியாக இருந்தால், கிராஃபைட் ஸ்ப்ரே குழியில் தேங்கி ஆவி அடைத்திருக்கலாம். டையை 200 டிகிரி அளவுக்கு முன்கூட்டியே சூடாக்கி வைப்பது இதற்கும் சேர்த்துத்தான். தண்ணீர் உடனே ஆவியாகிக் கிராஃபைட் மட்டும் ஒட்டும்.

மேல் டையும் கீழ் டையும் விலகி அடித்தால் மிஸ்மேட்ச். அரை மி.மீ. என்பது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. நாம் எந்தப் பக்கத்தைப் பிடித்து சென்டர் எடுக்கிறோமோ அதற்கேற்பச் சுவர் ஒரு பக்கம் மெலியும். 9 மி.மீ. சுவரில் டிரில் விலகலும் இதோடு சேர்ந்தால் ஒரு மி.மீ. போய்விடும். பார்ட்டிங் கோட்டுக்கு இருபுறமும் சமமாகப் பிடிக்கும் வி-கிளாம்ப் ஃபிக்ஸ்சர் இதற்கு மருந்து.

38எம்என்விஎஸ்6-க்குத் தனியாகக் குவென்ச் (சூடாக்கி வேகமாகக் குளிர்விப்பது), டெம்பர் (மறுபடி மிதமாகச் சூடாக்குவது) கிடையாது. பிரஸ்ஸிலிருந்து வந்ததும் 800 முதல் 500 டிகிரி வரை கட்டுப்பாடாகக் குளிரும்போதே வனேடியம் நுண்துகள்களாகப் பிரிந்து வலு கொடுக்கிறது. 800 முதல் 950 மெகாபாஸ்கல் இழுவலிமை அதில்தான் வருகிறது. பாகங்கள் கன்வேயரில் ஒன்றையொன்று தொடாமல், நொடிக்கு ஒரு டிகிரி அளவில் குளிர வேண்டும். சூடாகவே பின்னில் கொட்டினால் அடியில் கிடப்பவை மெதுவாகக் குளிர்ந்து மென்மையாகும், மேலே கிடப்பவை கடினமாகும். ஒரே பெட்டியில் இரண்டு விதம்! இங்கே அது முதலில் தெரியும் இடம் கன் டிரில்தான்: ஒரு பீஸில் சிப் அழகாக வருகிறது, அடுத்ததில் நாடாவாக இழுக்கிறது. பிரினெல் (கடினத்தன்மை அளவு) எடுக்கும்போது மேற்தோலை ஒரு மி.மீ. அளவுக்குத் தேய்த்துவிட்டு எடுங்கள். கார்பன் போன தோலில் எடுத்தால் நல்ல பீஸும் மென்மையாகத்தான் காட்டும், தேவையில்லாத சண்டை வரும்.

துளை

10 மி.மீ. கன் டிரில், வெட்டு வேகம் நிமிடத்துக்கு 70 மீட்டர் என்றால் சுமார் 2230 ஆர்பிஎம். சுற்றுக்கு 0.04 மி.மீ. ஃபீடு. நிமிடத்துக்கு 89 மி.மீ. போகும். 400 மி.மீ. ரெயிலுக்கு நாலரை நிமிடம். அவசரத்துக்கு ஃபீடை ஏற்றுபவர்கள் மிச்சப்படுத்துவது அரை நிமிடம், இழப்பது டிரில்.

நுழைவில் கைடு புஷ் (டிரில்லை நேராகப் பிடிக்கும் வளையம்) இல்லாவிட்டால் பைலட் துளை வேண்டும், விட்டத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழம், டிரில்லை விட 0.01, 0.02 மி.மீ. மட்டும் பெரிது. பைலட் தளர்ந்தால் தொடக்கத்திலேயே டிரில் சாயும். சாய்ந்த துளை திரும்ப நேராகாது. பாகத்தையும் டிரில்லையும் எதிரெதிராகச் சுழற்றும் மெஷின் இருந்தால் விலகல் கணிசமாகக் குறையும். ஆனால் குமிழ்கள் இருப்பதால் ரெயிலைச் சுழற்றப் பேலன்ஸ் செய்த ஃபிக்ஸ்சர் தேவை. விலகலை அல்ட்ராசோனிக் தடிமன் மீட்டரால், டிரில் வெளியேறும் முனையில், சுற்றி நாலு இடத்தில் பார்க்கலாம்.

எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 50 பார் அளவில் போகும் எண்ணெய்தான் சிப்பை வெளியே தள்ளுகிறது. இந்த ஊர் வெக்கையில் சில்லர் இல்லாத டேங்க் மதியத்துக்குள் 45 டிகிரியைத் தாண்டிவிடும். எண்ணெய் இளகினால் கைடு பேடு தேயும், துளையின் சுவர் கீறும். காலை ஷிஃப்டில் நன்றாக வந்த ஃபினிஷ் மதியம் கெட்டால் டிரில்லை மாற்றும் முன் டேங்க் வெப்பமானியைப் பாருங்கள். 40-க்குள் வைத்தால் போதும். ஃபில்டர் 20 மைக்ரானுக்குள் இருக்கட்டும்.

குறுக்குத் துளை, பொதுவாக 3 மி.மீ. அளவு, குமிழிலிருந்து போய்ப் பிரதான துளையைத் துளைத்து இறங்கும் இடத்தில் பர் எழும்பும். பர் இரண்டு விதத்தில் கெடுதல். பிய்ந்து போய் இன்ஜெக்டரில் அடைக்கும். அங்கே நீடில் இடைவெளி ஓரிரு மைக்ரான்தான். பியாமல் இருந்தால் அதன் அடியில்தான் விரிசல் பிறக்கும். கையால் பிரஷ் போட்டு எடுப்பதை இந்த அழுத்தத்துக்கு நாங்கள் ஏற்பதில்லை. பர் போகும், விளிம்பு கூராகவே நிற்கும். போதாததற்கு பிரஷ் கீறல்.

மின்வேதி முறைதான் வழி. சோடியம் நைட்ரேட் கரைசலை ஓடவிட்டு, உள்ளே கேத்தோடை (எதிர்மின் முனை) நிறுத்தி, விளிம்பை மட்டும் கரைத்து 0.3 மி.மீ. அளவு ரேடியஸ் கொண்டுவருவது. இதற்கு முன் பீஸ் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு சிப் கேத்தோடுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டினால் ஷார்ட் ஆகி ஒரு பொறி. விளிம்பில் கருப்பாக ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளியில் உருகி உறைந்த நொறுங்கும் தோல் இருக்கும். சின்னதுதானே என்று விடாமல் அந்தப் பீஸைக் கழித்துவிடுங்கள். ரேடியஸை போரஸ்கோப்பில் பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரியும், அளவு தெரியாது. சிலிக்கோன் ரெப்ளிகா ஊற்றி எடுத்து, வெட்டி, புரொஜெக்டரில் அளக்க வேண்டும். துளையின் சுற்றில் நாலு பக்கமும் அளவு ஒன்றாக இருக்காது. குறைந்த பக்கம்தான் கணக்கு.

நைட்ரேட் உப்பும் நம் ஈரக் காற்றும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் துரு. மின்வேதி மெஷினிலிருந்து எடுத்த டிரே நேராகக் கழுவலுக்குப் போக வேண்டும், டீ பிரேக் முடிந்து அல்ல. பிறகு நீர் விலக்கும் துருத்தடுப்பு எண்ணெய். எஃகில் குரோமியம் இருந்தால் கரைசலில் அறுமதிப்புக் குரோமியம் சேரும். அந்த மண்டியைச் சாக்கடையில் விடவே முடியாது. பியூபி (நீர் அமைப்பு) கழிவுநீர் விதிகளும் என்இஏ (சுற்றுச்சூழல் அமைப்பு) நச்சுக் கழிவு உரிமமும் இங்கே கடுமை. உரிமம் உள்ள கலெக்டரிடம்தான் கொடுக்க வேண்டும். அந்தச் செலவைப் பீஸ் விலையில் முதலிலேயே சேர்க்காத கொட்டேஷன் பிறகு அழ வைக்கும்.

அழுத்தம் ஏற்றுதல்

ஆட்டோஃப்ரெட்டேஜ் என்றால் வேலை அழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தத்தை ஒரு தடவை உள்ளே ஏற்றி, உள்விளிம்பை மட்டும் நிரந்தரமாக நெளியவிட்டு இறக்குவது. 2000 பார் ரெயிலுக்கு 6000 பாருக்கு மேலும் போவது உண்டு. இறக்கியதும் வெளிச்சுவர் சுருங்கி உள்விளிம்பை நெருக்கிப் பிடிக்கும். அதன்பின் இன்ஜினில் வரும் இழுவிசையின் பெரும்பகுதி அந்த நெருக்கத்தைத் தளர்த்துவதிலேயே தீர்ந்துவிடும். மேலே சொன்ன 650 கணக்கைத் தாங்குவது இதனால்தான்.

வரிசை மாறினால் எல்லாம் வீண். விளிம்பு ரேடியஸ் முடிந்த பிறகுதான் அழுத்தம். அழுத்தத்துக்குப் பின் அந்த விளிம்பில் யாரும் கை வைக்கக் கூடாது. நெருக்கம் இருக்கும் தோலையே சீவி எடுப்பதாகிவிடும். பின்னால் பிரேஸிங், வெல்டிங் போன்ற பெரும் சூடும் கூடாது. பிளேட்டிங்குக்குப் பின் ஹைட்ரஜனை வெளியேற்றச் செய்யும் 200 டிகிரி பேக்கிங்கால் பிரச்சினை இல்லை. இன்னொன்று: கூர் விளிம்போடும் லாபோடும் உள்ள பீஸை இந்த அழுத்தத்தில் ஏற்றினால் அது குணமாகாது, அங்கேயே பிளந்துபோகும். பிளந்தால் சந்தோஷப்படுங்கள், கஸ்டமரிடம் பிளக்கவில்லை. மெஷின் கதவு இன்டர்லாக்கை பைபாஸ் செய்யும் ஆளை ஷாப்பில் வைத்திருக்கவே கூடாது.

அளவும் சுத்தமும்

பைப் உட்காரும் கோன் 60 டிகிரி, ஐஎஸ்ஓ 2974 வடிவம். அங்கே குறுக்கே ஒரு கீறல் இருந்தால் ஒழுகும். வட்டவாக்கில் லேத் கோடு இருந்தால் பெரும்பாலும் ஒழுகாது. எனவே எமரி பேப்பரால் மெருகேற்றும் ஆசை வேண்டாம். புளூ (நீல மை) தடவிப் பார்த்தால் மெல்லிய, உடையாத ஒரு வளையம் பதிய வேண்டும். அகலமாகப் பதிந்தால் கோணம் தவறு.

ஷாப் தரையில் 32 டிகிரி, மெட்ராலஜி ரூமில் 20. 400 மி.மீ. எஃகு இந்த 12 டிகிரியில் 55 மைக்ரான் நீளும். சூடாக வந்த பீஸை உடனே சிஎம்எம்-இல் (ஆயத்தொலை அளவு மெஷின்) வைத்துக் குமிழ்களின் இடைவெளி தப்பு என்று ஆஃப்செட் மாற்றினால், அடுத்த ஷிஃப்ட் முழுக்கத் தப்பு பீஸ் வரும். கிரானைட் மேல் ஓரிரு மணி நேரம் கிடக்கட்டும். குளிர்ந்த பீஸை அப்படியே வெளியே எடுத்துப் போனாலும் வேர்த்துவிடும். அந்த ஈரத்தில் விரல் ரேகை அப்படியே துருவாகப் பதியும்.

காந்தத் துகள் சோதனை முடிந்ததும் காந்தத்தை நீக்குவதை அலட்சியமாக விடுகிறார்கள். மிச்சக் காந்தம் 5 காஸுக்குக் கீழே இருக்கிறதா என்று, முக்கியமாகக் குமிழ் நுனிகளில், மீட்டரால் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் நுண்சிப் உள்ளேயே ஒட்டிக்கிடக்கும். துகள் எண்ணிக்கை சோதனையில் ஏன் ஃபெயில் என்று தெரியாமல் கழுவல் மெஷினைக் குறை சொல்வார்கள். கடைசிக் கழுவல் ஒவ்வொரு துளை வழியாகவும் ஜெட் போக வேண்டும், ரெயிலை முக்கி எடுப்பது கழுவல் அல்ல. வெற்றிடத்தில் உலர்த்தல், பஞ்சு உதிராத கையுறை, உடனே துருத்தடுப்புப் பை.

துளை மூடும் பிளாஸ்டிக் கேப்பை வாங்கும்போது பத்து எடுத்து ஒரு சுத்தமான குமிழில் அழுத்தி, கழற்றி, உள்ளே பாருங்கள். மலிவான கேப்பின் ஓரப் பிசிறு மரையில் சீவப்பட்டு நேராகத் துளைக்குள் விழும். கேப்பை மாற்றினாலே துகள் புகார் குறையலாம். மரையில் அழுத்தும் வகைக்குப் பதில் மரைக்கு வெளியே மூடும் தொப்பி வகையைக் கேளுங்கள்.